பொறியில் சிக்காத பெருங்கூட்டம்

இங்கிலாந்தின் ஆறுகளில் சிக்னல் கிரேஃபிஷ் பெருகிவிட்டது என்ற செய்தி வரும்போதெல்லாம், கூடவே ஒரு யோசனையும் வரும்: பொறி வைத்துப் பிடித்துச் சாப்பிட்டால் தீர்ந்தது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆற்றுக்கடியில் நடப்பது வேறு.

இறாலைப் போன்ற உடல், நண்டுக்கு இருப்பதுபோல் தடித்த கொடுக்குகள். நன்னீரில் வாழும் இந்த உயிரியின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. கொடுக்கு மூட்டில் வெள்ளையும் நீலமும் கலந்த திட்டு பளிச்சென்று தெரியும். பண்ணைகளில் வளர்த்து விற்கலாம் என்று 1976-ல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஈரத் தரையில் நடந்தே அடுத்த நீர்நிலைக்குப் போகக்கூடிய பிராணியைக் குளத்துக்குள் அடைத்துவைக்க முடியுமா? தப்பித்து ஆறுகளில் பரவிவிட்டது.

யார்க்‌ஷயரில் புக்கில் கில் பெக் என்று ஒரு சிற்றோடை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இருந்த ஓர் ஆய்வுக் குழு, ஓடையின் ஒரு பகுதியை இருபுறமும் தடுத்து, தண்ணீரை இறைத்து, கற்களைப் புரட்டி, கண்ணில் பட்ட கிரேஃபிஷ்களை எல்லாம் கையாலேயே பொறுக்கியது. பிறகு தண்ணீர் விட்டு, மறுபடி இறைத்து, மறுபடி பொறுக்கினார்கள். இப்படி மூன்று முறை. ஒரு சதுர மீட்டரில் 20 முதல் 110 வரை கிடைத்தன. அவற்றில் வழக்கமான பொறியில் சிக்கும் அளவுக்குப் பெரியவை வெறும் 2.3 சதவீதம். மற்றதெல்லாம் பொறிக்கு எட்டாத குஞ்சுகளும் சிறியவையும்தான்.

பொறிக்குள் இரைக்காக முதலில் நுழைவது பெரிய, சண்டைக்கார ஆண்கள். அவை இருக்கும் இடத்தில் சிறியவை நெருங்காது. இலையுதிர் காலத்தில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும் பெண், அவற்றை வாலடியில் சுமந்தபடி மாதக்கணக்கில் பதுங்கிக்கிடக்கும். அதுவும் பொறிப்பக்கம் வருவது அரிது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பெரியவை தம் இனத்துக் குஞ்சுகளையே தின்பவை. பெரியவற்றை நாம் அகற்றினால், குஞ்சுகளுக்கு எதிரி குறைகிறது, இரையும் ஒளிவிடமும் கூடுகின்றன. பொறி வைத்த ஆற்றில் கூட்டம் குறையாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இழப்போ பெரிது. கரையில் இவை தோண்டும் வளைகளால் மண் சரிந்து, வண்டல் மீன் முட்டைகளை மூடுகிறது. அதைவிடக் கொடியது, இவை சுமந்துவரும் கிரேஃபிஷ் கொள்ளைநோய். பூஞ்சையைப் போன்ற ஒரு நுண்ணுயிரியால் வருவது அது. சிக்னலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பிரிட்டனின் பூர்வீக இனமான வெண்கொடுக்கு கிரேஃபிஷோ சில வாரங்களில் கூண்டோடு அழியும். ஈரவலையில் ஒட்டிய நோய்வித்து போதும், அடுத்த ஆற்றுக்குப் பரவ. ஆர்வத்தில் பொறி வைப்பவர்களே நோயைச் சுமந்துபோகும் ஆபத்து இதில் இருக்கிறது. இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் பொறி வைப்பது சட்டப்படி குற்றம். அந்தக் கட்டுப்பாடு மிகச் சரியானது என்பேன்.

பரவிவிட்ட ஆற்றிலிருந்து இவற்றை முழுதாக விரட்ட நடைமுறையான வழி இன்னும் கைக்கு வரவில்லை. எனவே வெண்கொடுக்கு கிரேஃபிஷ்களைத் தனித்த குளங்களுக்கும் பழைய கல்குவாரிகளுக்கும் மாற்றிக் காப்பாற்றுகிறார்கள். ஆறு, குளங்களில் தூண்டில் போடவோ படகு விடவோ போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வலை, பூட்ஸ், படகு எல்லாவற்றையும் சோதித்து, கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த நீர்நிலைக்குக் கொண்டுபோங்கள்.