கால் மணி நேரத்தின் கணக்கு

மார்ச் மாதத்தில் ஜவ்வாது மலையில் ஆறரை மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கு வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான். 1986 ஜனவரியில் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குத் தேவை நல்ல இருட்டு. ஊர் விளக்குகளிலிருந்து விலகி நிற்கும் மலை என்பதால்தான் 1960களில் வானியலாளர்கள் இங்கே வந்தார்கள். இதே ஆறரை மணியில், சென்னையில் தமிழகத்தின் மின்சுமையைக் கண்காணிக்கும் மையத்தில் இருப்பவர்களுக்கு நாளின் மிகக் கடினமான நேரம் ஆரம்பமாகிறது. பகல் முழுக்கக் கொட்டிய சூரிய மின்சாரம் ஒரு மணி நேரத்துக்குள் வற்றிப் போகிறது. வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஓடத் தொடங்குவதும் அப்போதுதான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இவ்வளவு பெரிய சுமைக்கு அடியிலிருந்து சூரியன் விலகும்போது அந்த இடத்தை அனல், நீர், எரிவாயு, கடம்பாறை நீரேற்று நிலையம், வெளிச்சந்தை என்று கிடைக்கும் எல்லாவற்றையும் கொண்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே நண்பகல் 12 மணியின் யூனிட்டும் இரவு 7 மணியின் யூனிட்டும் ஒரே சரக்கு அல்ல. மின்சந்தையில் வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில் முன்னது ஒன்றிரண்டு ரூபாய்க்கு இறங்குகிறது. பின்னது, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பான 10 ரூபாயை எட்டுவதும் உண்டு. ஆனால் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு குக்கிராமத்து வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் ரீடிங் எடுக்கிறார்கள். ஒரு நாளில் 96 கால் மணி நேரங்கள். 60 நாட்களில் 5,760. அவை அனைத்தும் ஒரே எண்ணாகச் சுருங்கி பில்லில் வந்து நிற்கின்றன. எப்போது செலவானது என்ற தகவல் அந்த எண்ணில் இல்லை.

காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் நிறையவே நிறுவிவிட்டோம். அவற்றுக்கு ஏற்ற கணக்கு முறையைத்தான் இன்னும் முழுமையாக எழுதவில்லை. மின்சாரத்தில் கணக்கு என்பது ஏதோ அலுவலகக் காகிதம் என்று நினைப்பவர்கள், 2003 ஜனவரி 1 அன்று தென்னிந்தியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நாட்டின் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. எடுக்கும் மின்சாரம் கூடினால் அவற்றின் வேகம் குறைந்து அதிர்வெண் சரியும்; உற்பத்தி கூடினால் ஏறும். 2003க்கு முன்பு தென்னகக் கட்டமைப்பில் மாலை நேரத்தில் அது 48 ஹெர்ட்ஸ் அருகே விழுவதும், நள்ளிரவில் 50க்கு மேல் ஏறுவதும் வாடிக்கை. விளக்கு மங்கும், மோட்டார் சூடாகும், அனல் நிலையத்தின் டர்பைன் தகடுகள் அதிரும். பொறியாளர்களின் திறமைக்குக் குறைவில்லை. பணம் கணக்கிடப்பட்ட விதத்தில்தான் குறை. மத்திய மின்நிலையங்களுக்கு உற்பத்தி செய்த யூனிட்டுக்கு இவ்வளவு என்று பணம் கிடைத்தது. நள்ளிரவில் யாருக்கும் தேவையில்லாதபோதும் உற்பத்தியைக் குறைத்தால் அவற்றுக்கு நட்டம். மாலையில் தன் பங்குக்கு மேல் இழுக்கும் மாநிலத்துக்கும் அதே விலைதான். யாருக்கும் அடக்கிப் பிடிக்க ஒரு காரணமும் இல்லை.

பவர் கிரிட் நிறுவனப் பொறியாளர் பானு பூஷண் வடிவமைத்த புதிய கட்டண முறை இதை மூன்றாகப் பிரித்தது. நிலையம் தயாராக இருப்பதற்கு ஒரு கட்டணம். முன்கூட்டி ஒப்புக்கொண்ட அட்டவணைப்படி கொடுக்கும் மின்சாரத்துக்கு இன்னொன்று. அட்டவணையிலிருந்து விலகினால் மூன்றாவதாக ஒன்று. அதன் விலையை அந்த நேரத்து அதிர்வெண் தீர்மானிக்கும். அதிர்வெண் சரிந்திருக்கும்போது கூடுதலாக இழுத்தால் விலை எகிறும். ஏறியிருக்கும்போது எடுத்தால் மலிவு. இதற்காக மாநில எல்லை துணைமின்நிலையங்களில் ஒவ்வொரு 15 நிமிடத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் சிறப்பு மீட்டர்கள் வந்தன. மேற்குப் பிராந்தியத்தில் 2002 ஜூலையில் தொடங்கிய முறை, தெற்கே புத்தாண்டு நாளில் அமலுக்கு வந்தது. புதிதாக ஒரு மின்நிலையம்கூடக் கட்டாமல் அதிர்வெண் ஊசலாட்டம் வெகுவாக அடங்கியது. இன்றைக்கு 49.90 முதல் 50.05 வரை என்ற குறுகிய பட்டைக்குள் அதை வைத்திருக்க முயல்கிறோம். இந்தியப் பொறியியலின் பெருமைகளைப் பட்டியலிடுபவர்கள் ராக்கெட்டையும் அணையையும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கு முறையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கால் மணி நேரம் என்ற அளவு அங்கிருந்துதான் நம் சந்தைக்குள் வந்தது. 2008 ஜூனில் இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. 2020 ஜூன் 1 முதல் உடனடிச் சந்தையும் வந்து, அரை மணிக்கு ஒருமுறை, ஒரு நாளில் 48 ஏலங்கள் நடக்கின்றன. மேகம் வந்து சோலார் சரிந்தால் அடுத்த ஏலத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஐரோப்பாவின் முதல்நாள் சந்தை 2025 அக்டோபரில்தான் கால் மணி நேரக் கணக்குக்கு மாறியது. ஆஸ்திரேலியா ஒரு படி மேலே போய், பேட்டரிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க 2021 அக்டோபர் 1 முதல் ஐந்து நிமிடக் கணக்கை எடுத்துக்கொண்டது.

நாடு முழுவதற்கும் ஒரே சந்தை இருப்பதால் என்ன பயன் என்பதை ஜவ்வாது மலையிலிருந்தே கணக்கிட்டுப் பார்க்கலாம். காவலூர் ஏறத்தாழ 78.8 பாகை கிழக்கில் இருக்கிறது. நம் கடிகாரமோ 82.5 பாகையை வைத்து ஓடுகிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.15க்கு. 72 பாகையில் உள்ள ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவில் அது 12.42. ஜூன் மாதத்தில் வடக்கே பகலும் நீளம். இரண்டும் சேர்ந்து, ஜவ்வாது மலையில் சூரியன் மறைந்த பிறகும் பட்லாவில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும். சாய்ந்த வெயிலில் தகடுகள் கொடுப்பது குறைவுதான் என்றாலும், சுமை ஏறும் அந்த நேரத்தில் அது விலைமதிப்புள்ளது. டிசம்பரில் இந்த அனுகூலம் கிட்டத்தட்ட மறைந்துவிடும். தென்னகக் கட்டமைப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக மற்ற பகுதிகளோடு ஒத்திசைந்து இணைந்த பிறகுதான் இப்படியெல்லாம் நினைத்துப் பார்க்கவே முடிந்தது.

மாநிலத்துக்குள் வந்தால் கணக்கு பழையதாகிவிடுகிறது. காவலூர்த் தொலைநோக்கி திறந்த அதே 1986இல்தான் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தமிழகத்தின் காற்றாலைக் கதையும் தொடங்கியது. முதலீட்டாளர்களை ஈர்க்க மின்வாரியம் பேங்கிங் வசதி கொடுத்தது. ஆடியில் அளந்து கொடுத்த நெல்லைத் தையில் அதே மரக்கால் அளவில் திருப்பி வாங்கும் கைமாற்று போன்றது அது. ஆடிக்காற்றில் நள்ளிரவில் குவிந்த யூனிட்டைக் காற்றே இல்லாத மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். காற்றாலைகள் சிலவே இருந்தபோது அந்தச் சலுகை நியாயமானது. அதில்லாமல் முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் இவ்வளவு சீக்கிரம் காற்றாலைக் காடாகியிருக்காது. பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிய பிறகு, இரண்டு வேறு விலையுள்ள நேரங்களைச் சமமாக்கும் பாரம் முழுவதையும் மின்வாரியம் சுமக்க முடியாது. 2018 மார்ச்சுக்குப் பின் நிறுவப்பட்ட காற்றாலைகளுக்கு ஆண்டு முழுக்க நீளும் அந்தப் பேங்கிங் கிடையாது.

இதன் மறுபக்கமும் உண்டு. கட்டமைப்புக்கு ஆபத்து என்று சொல்லி, உண்மையில் செலவைக் கருதி சூரிய மின்சாரத்தைக் குறைக்கச் சொன்னது தவறு என்று, தமிழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் கூறியது. எந்தக் கால் மணி நேரத்தில், எந்தக் காரணத்துக்காக, எவ்வளவு குறைக்கப்பட்டது என்பது உடனுக்குடன் பொதுவில் இருந்தால் இப்படி ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியதில்லை.

கட்டணத்திலும் பழைய காலம் தங்கியிருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 செப்டம்பர் ஆணைப்படி, உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்குக் காலை 6 முதல் 10, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. இரவில் அணைக்க முடியாத நிலக்கரி உலைகளின் காலத்துச் சிந்தனை அந்தத் தள்ளுபடி. இப்போது உபரி இருப்பது நண்பகலில். மத்திய அரசு 2023 ஜூனில் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் இதைத்தான் சொல்கின்றன: சூரிய ஒளி நேரங்களில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைய வேண்டும், உச்ச நேரத்தில் கூட வேண்டும், விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலுக்குள், ஸ்மார்ட் மீட்டர் வைத்தவர்களுக்கு உடனே.

திசை சரி. எனக்குள்ள கவலை மலைக் கிராமங்களைப் பற்றியது. காட்டுக்குள் நீளும் கம்பியில் ஒரு மரக்கிளை விழுந்தாலே இருண்டுபோகும் வீடுகள் அவை. மாலையில் நான்கு விளக்கும் ஒரு டிவியும் போடும் குடும்பத்தால் அந்த உச்சநேரச் சுமை உருவாகவில்லை. வேலையை நண்பகலுக்கு மாற்றிக்கொள்ள அதனிடம் வாஷிங் மெஷினும் இல்லை, மின்சாரக் காரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற பாதுகாப்பு அப்படியே தொடர வேண்டும். அதற்குச் சற்று மேலே போகும் வீடுகளிடமும் உச்ச நேரக் கூடுதலை வசூலிக்கக் கூடாது. ஸ்மார்ட் மீட்டர் தன் தகவலை அனுப்பச் சிக்னல் வேண்டும். செல்பேசியே பிடிக்காத ஊர்களில், சிக்னல் இல்லாத நாட்களுக்குத் தோராயமாக பில் போடும் பழக்கம் வந்துவிடக் கூடாது. இந்த ஊர்களில் நண்பகலில் ஓடக்கூடிய சாமை உமி நீக்கும் இயந்திரத்துக்கோ, அது எவ்வளவு சிறியதானாலும், பகல் சலுகை முதலில் போய்ச் சேர வேண்டும். 2022இல் கட்டண உயர்வுக்கு முன் ஆணையம் கோவை, மதுரை, சென்னை நகரங்களில் மக்களின் கருத்தைக் கேட்டது. அடுத்த ஆணைக்கு முன் ஒரு கூட்டத்தை ஜமுனாமரத்தூரில் நடத்தட்டும். எந்த நேரத்தில் இயந்திரத்தை ஓட்டினால் தோதாக இருக்கும் என்று அங்கே சாமை உடைக்கும் பெண்களிடமே கேட்டு, அதற்குப் பிறகு அட்டவணையை எழுதட்டும்.