முதியோர் இல்லத்தில் அம்மா: பார்க்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்?



ஆயாக்கொட்டகையை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையைத் தூக்கத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஆயாவிடம் விடுவாள் தாய். பால்வெட்டு முடிந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் முதலில் என்ன செய்வாள்? பிள்ளையின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்ப்பாள். வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். "பால் குடிச்சானா? ஏன் கண்ணு வீங்கியிருக்கு?" என்று கேட்பாள். ஆயா நல்லவள்தான். ஆனாலும் கேட்பாள்.

அந்தத் தாய்க்கு இன்று வயதாகிவிட்டது. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிள்ளைகள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கிறார்கள். சேர்ப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. படுக்கையில் கிடப்பவரைத் தூக்கிப் புரட்டவும், மூக்குக் குழாயில் உணவு கொடுக்கவும் பழகிய கைகள் வேண்டும். ஆனால் அங்கே விட்ட பிறகு, அன்று அவள் நம்மைத் தொட்டுப் பார்த்தது போல் நாம் அவளைத் தொட்டுப் பார்க்கிறோமா? ஒரு பை ஆரஞ்சுப் பழத்தை மேசைமேல் வைத்து, "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்டு, அரைமணி நேரம் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறவர்கள்தாம் அதிகம்.

இந்தத் தடவை சிங்கப்பூர் விஷயத்தைச் சொல்லப் போகிறோம். "அந்த ஊர்க் கதை நமக்கெதுக்கு?" என்று கேட்கலாம். இன்று அடுக்குமாடி வீடுகளாக நிற்கிற நீ சூனும் செம்பவாங்கும் ஒரு காலத்தில் ரப்பர்க் காடுகள்தாம். அங்கே மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். நம் பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான், நம் பையன்கள் நாள்தோறும் பாலம் கடந்து வேலைக்குப் போவதும் அங்கேதான். அதோடு, செலவு குறைவு என்பதால் சிங்கப்பூர்க் குடும்பங்கள் சில தங்கள் முதியோரை ஜொகூர் பாருவில் உள்ள இல்லங்களில் கொண்டுவந்து சேர்ப்பதும் நடக்கிறது. ஆக, இக்கரையும் அக்கரையும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

2011இல் வெளிவந்த காட்சி

2011 ஜூன் மாதம் சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் ஒரு படம் காட்டப்பட்டது. நைட்டிங்கேல் நர்சிங் ஹோம் என்ற இல்லத்தில் இருந்த 75 வயது மூதாட்டியை, பக்கவாதத்தால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத அவரை, ஊழியர்கள் முரட்டுத்தனமாகக் கையாண்ட காட்சி அது. குடும்பத்தார் சந்தேகப்பட்டு மறைவாக ஒரு கேமராவை வைத்து எடுத்தது. ஊரே கொதித்தது. சுகாதார அமைச்சு விசாரித்து, அந்த இல்லம் புதிய நோயாளிகளைச் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த இல்லத்துக்கு லைசென்ஸ் இருந்தது. சட்டமும் இருந்தது. அதிகாரிகளின் சோதனையும் அந்த ஊரில் இல்லாமல் இல்லை. இருந்தும் விஷயம் வெளியே வந்தது குடும்பத்தாரின் கண்ணால்தான். ஆண்டில் சில நாள் வருகிற அதிகாரிக்கு ஏடுகளும் கட்டில்களும் தெரியும். அம்மா முன்பு எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்பது மகளுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2014இல் இல்லங்களுக்கான கூடுதல் தர விதிகளை வெளியிட்டு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவப் பராமரிப்பு மட்டுமல்லாமல் முதியவரின் மரியாதை, மனநலம், நிர்வாகப் பொறுப்பு எல்லாம் அதில் அடக்கம். தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பெரியவர்களைப் பாதுகாக்க 2018இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. 2023 டிசம்பர் முதல் இல்லங்கள் புதிய சுகாதாரச் சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெறுகின்றன.

இருந்தும், 2016இல் லியன் அறநிறுவனமும் கூ சுவீ நியோ அறநிறுவனமும் வெளியிட்ட ஆய்வு, ராதா பாசு எழுதியது, ஒன்றை நேராகச் சொல்லிற்று: இல்லங்களில் பாதுகாப்பு உண்டு, உயிர்ப்பு இல்லை. ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளியல், ஒரே நேரத்தில் சாப்பாடு. லயத்து வாழ்க்கையைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை. ஆனால் லயத்தில் வாசல் இருந்தது, அடுத்த வீட்டாள் வந்து எட்டிப் பார்ப்பாள். இங்கே அந்த எட்டிப் பார்ப்பவர் நாம்தான்.

போனால் எதைப் பார்ப்பது?

முதலில் பின்புறமும் குதிகாலும். படுத்தே கிடப்பவருக்கு எலும்பு முட்டும் இடங்களில் இரத்த ஓட்டம் நின்று சதை சாகிறது. இதுதான் படுக்கைப் புண். இடுப்பின் பின்பக்கம், குதிகால், இடுப்பெலும்பு, முழங்கை ஆகிய இடங்களில் வரும். ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் வராமல் தடுக்கலாம். "தோல் சிவந்தால் ஆபத்து" என்று புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். அது வெள்ளைத் தோலுக்கு எழுதியது. நம் கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட ஓரிடம் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா, அம்மா முகத்தைச் சுளிக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் அன்றே மிஸியிடம் சொல்லுங்கள். தோல் கிழிந்த பிறகு ஆற மாதக் கணக்காகும். கூச்சமாக இருந்தால் மகளோ மருமகளோ திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்க்கலாம். மகன் மட்டும் போனால் மிஸியையே காட்டச் சொல்லலாம்.

அடுத்தது எடை. மாதம் ஒரு தரம் நிறுத்து எழுதும் வழக்கம் இல்லங்களில் உண்டு. அந்த எழுத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால் காரணம் கேட்க வேண்டும். பல்செட் தொலைந்துபோனதுகூடக் காரணமாக இருக்கும்! ஊட்டிவிட ஆள் இல்லாமல் தட்டு அப்படியே திரும்பிப் போவதும் காரணமாக இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

நாக்கு வறண்டு, சிறுநீர் கறுத்து மணத்தால் தண்ணீர் போதவில்லை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் திடீரென்று குழம்பிப் பேசினால், "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள். மூத்திரத் தாரையில் கிருமி இருக்கலாம், சர்க்கரை ஏறியோ இறங்கியோ இருக்கலாம், புது மருந்து ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று பட்டியல் கேட்கலாம். சர்க்கரைக்காரருக்குக் கால்விரல் இடுக்கு, நகம் இரண்டையும் பாருங்கள்.

கையைக் கட்டி வைத்திருந்தால்? குழாயைப் பிடுங்காமலிருக்கவும் விழாமலிருக்கவும் கட்டினோம் என்பார்கள். கட்டுவதால் விழுவது நின்றுவிடாது. திமிறிக் காயப்படுவதும் உண்டு. வேறு வழி இல்லாத நேரத்தில், டாக்டர் பார்த்து, குடும்பத்தாரிடம் சொல்லி, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செய்ய வேண்டியது அது. யார் சொன்னது, எத்தனை மணிக்கு அவிழ்ப்பீர்கள் என்று கேளுங்கள்.

தேக்காவிலிருந்து வாங்கிப் போகும் பலகாரம்

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், தேக்கா சந்தையிலும் கடைகளிலும் பொட்டலம் கட்டிக்கொண்டு முதியவர்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. அதே சாலையில் 1910இல் தொடங்கிய குவாங் வாய் சியூ மருத்துவமனை இன்றும் இருக்கிறது. சீனாவிலிருந்து கூலிக்கு வந்த ஏழைகளுக்காக எழுப்பியது. இப்போது எல்லா இனத்து முதியவர்களையும் பார்த்துக்கொள்கிறது. அதற்கு முன்பு, 1909 வரை, அந்த இடத்தில்தான் டான் டோக் செங் ஆஸ்பத்திரி இருந்தது. யீஷூனில் 1948இல் தோன்றிய ஸ்ரீ நாராயண மிஷன் ஓர் இல்லம் நடத்துகிறது. அங்கும் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள்.

வடை, தோசை, லட்டு வாங்கிப் போவதில் அன்பு இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரோக் வந்தவருக்கு விழுங்கும் தசை பலவீனமாக இருக்கும். தண்ணீரே நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். அதனால்தான் தண்ணீரில் மாவு கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கிறார்கள். "அம்மாவுக்குக் கூழு மாதிரி குடுக்குறாங்க, பட்டினி போடுறாங்க" என்று சண்டைக்குப் போகுமுன், எதைக் கொடுக்கலாம் என்று மிஸியிடம் கேளுங்கள். படுத்த நிலையில் ஒரு வாய்கூட ஊட்டாதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். இருமினால் நிறுத்திவிட வேண்டும்.

பாஷை தெரியாத இடம்

நம் பெரியவர்களுக்குத் தெரிந்தது தமிழும் கொஞ்சம் சந்தை மலாயும்தான். சிங்கப்பூர் இல்லங்களில் கைவேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிலிப்பீன்ஸ், மியன்மார், இந்தியா, ஸ்ரீலங்கா என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். "ஒண்ணுக்கு வருது" என்று அம்மா சொல்வது மியன்மார்ப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? புரியாததால் பேம்பர்ஸ் நனைந்தே கிடக்கும். ஓர் அட்டையில் தண்ணி, வலி, பசி, குளிருது, ஒண்ணுக்கு, புரட்டி விடு என்று பத்துச் சொல்லை அந்த ஊழியர் வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு, கட்டில் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். அரை மணி வேலை. பலன் பெரிது.

அந்த ஊழியரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். அவரும் நம் தாத்தா, பாட்டி போலக் கடல் கடந்து கூலிக்கு வந்தவர். இராத்திரியில் ஒரே ஆள் பல கட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆள் குறைவும் சம்பளக் குறைவும் உள்ள இடத்தில் முதலில் அடிபடுவது படுத்துக் கிடப்பவர்தான். சங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே "ராத்திரி ஷிப்டுல எத்தனை பேர் இருக்கீங்க?" என்ற கேள்வியை நிர்வாகத்திடம் கேளுங்கள், பேம்பர்ஸ் மாற்றுகிற பெண்ணிடம் பாயாதீர்கள். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்கிற குடும்பத்தின் நோயாளிக்கு இன்னொரு தரம் கவனிப்பு கிடைப்பதும் உண்மை.

காயம் இருந்தால்

கையில் நீலம் பாய்ந்ததைப் பார்த்தவுடன் அடித்துவிட்டார்கள் என்று கத்தக் கூடாது. ஆஸ்பிரினோ இரத்தத்தை இளக்கும் வேறு மருந்தோ சாப்பிடுகிற முதியவருக்கு இலேசாகப் பட்டாலே கன்றிப்போகும். ஆனால் மேல்கையில் விரல் பதிந்தாற்போல வடு, இரண்டு மணிக்கட்டிலும் ஒரே மாதிரித் தடம், தொடையின் உட்புறம் கன்றியிருப்பது, ஓர் ஊழியர் கிட்ட வந்தால் மட்டும் அம்மா ஒடுங்குவது, இவற்றை விடவே கூடாது. மறதி நோய்க்காரர் "என்னை அடிச்சாங்க" என்று சொன்னால் அதுவும் வெறும் பேச்சென்று தள்ளக் கூடாது. தேதி, மணி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். படம் எடுங்கள். தலைமை மிஸியிடம் சொல்லி, பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள். பதில் சரியில்லை என்றால் இல்ல நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் ஏ.ஐ.சி. எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு (1800-650-6060), அதற்கு மேல் சுகாதார அமைச்சு. கைவைத்தது நிச்சயம் என்றால் காத்திருக்காமல் போலீசுக்கே போகலாம். வன்முறைக்கான சிங்கப்பூர் உதவி எண் 1800-777-0000. நம் நாட்டில் தாலியான் காசே 15999.

"கம்ப்ளேன் பண்ணினா அம்மாவை இன்னும் மோசமா நடத்துவாங்க" என்ற பயம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. கங்காணி காலத்துப் பயமும் இதே பயம்தான். அண்ணன் தம்பி எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வேறு வேறு ஆள், வேறு வேறு நேரத்தில் போய்ப் பார்த்துக்கொண்டிருங்கள். 2020 ஏப்ரலில் கோவிட் காரணமாக சிங்கப்பூரில் இல்லங்களுக்குப் பார்வையாளர் வருவதை நிறுத்தியபோது குடும்பங்கள் தொலைபேசிப் படத்தில்தான் முதியவரைப் பார்த்தன. பாலம் தாண்டி அடிக்கடி போக முடியாதவர்களும் வாரம் ஒரு தரம் அப்படிப் பார்க்கக் கேட்கலாம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் அரசு மானியம் குடும்ப வருமானத்தைப் பார்த்து அந்நாட்டுக் குடிமக்களுக்கும், குறைந்த அளவில் நிரந்தரவாசிகளுக்கும் கிடைக்கிறது. வேலை அனுமதியில் போயிருக்கும் பையன் தன் பெற்றோரை அங்கே மானியத்தில் சேர்க்க முடியாது. யாராவது முடியும் என்று கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். செலவில் பங்கு கொடுக்க மறுக்கும் பிள்ளைமேல் 60 வயது கடந்த பெற்றோர் வழக்குப் போட, வால்டர் வூன் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வழி செய்கிறது.

இக்கரையில் இல்லம் தேடுகிறவர்கள், பராமரிப்பு நிலையங்கள் சட்டம் 1993இன் கீழ் சமூகநலத் துறையில் பதிந்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல், காலையில் ஒரு தரமும் மாலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரமும் போங்கள். முன்கூடத்தோடு நிறுத்தி உட்கார வைத்து, காகிதத்தில் கையெழுத்து மட்டும் கேட்டால் அங்கே விடாதீர்கள். பின்கட்டு, குளியலறை, சமையற்கட்டு மூன்றையும் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.