கட்டை உருவில் ஒரு நத்தார்க் கேக்

டிசம்பர் மாதம் பிறந்ததும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் உள்ள பேக்கரிகள் புதுக்கோலம் பூணுகின்றன. கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளே, பட்டை உரிக்காத விறகுக்கட்டை போன்ற கேக் ஒன்று வீற்றிருக்கக் காணலாம். 'யூல் லொக்' என்பது அதன் பெயர். கடையில் வாங்குவதற்கு உரியதேயன்றி வீட்டில் செய்வதற்கு இயலாதது என்று இல்லத்தரசியர் பலர் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். உண்மையில் நான்கு முட்டையும் ஒரு துவாயும் சிறிது துணிவும் உள்ள எவருக்கும் அது கைவரும்.

கேக் ஏன் கட்டை வடிவில் இருக்க வேண்டும் என்ற வினா எழுவது இயல்பே. ஐரோப்பாவிலே பகற்பொழுது மிகக் குறுகியிருக்கும் காலம் டிசம்பர் 21, 22 ஆம் நாட்கள். அந்நாட்களை ஒட்டி, பருத்த மரக்கட்டை ஒன்றை வீட்டுக் கணப்பிலே இட்டு எரிப்பது பழைய வழக்கம். எரிந்து எஞ்சிய துண்டைப் பாதுகாத்து, அடுத்த ஆண்டுக் கட்டைக்கு அதனாலேயே தீ மூட்டினர். பெருங்கணப்புகள் வீடுகளிலிருந்து மறையத் தொடங்கிய 19 ஆம் நூற்றாண்டில், பிரான்சு தேசத்துப் பணியாரக்காரர்கள் அக்கட்டையைக் கேக்காகச் செய்து விற்கலாயினர். நம்மவர்க்கு இதன் உட்பொருள் புதிதன்று. கார்த்திகை விளக்கீட்டன்று கோயில் முன்றிலிலே சொக்கப்பனை கொளுத்தும் நமக்கு, குளிர்ந்த இரவில் ஒரு மரத்தை எரித்து ஒளியை வரவேற்கும் வழக்கத்தை விளக்கவும் வேண்டுமோ?

இலங்கையின் நத்தார்க் கேக் என்றால் ரவை, கஜு, இஞ்சிப்பாகு, பூசணித் தோசி, தேன், பன்னீர், பிராண்டி எல்லாம் சேர்ந்த செல்வக் கேக்கே முதலில் நினைவுக்கு வரும். அதற்குப் பழங்களை முன்கூட்டியே வெட்டி ஊறவைத்தல் வேண்டும், செலவும் பெரிது. கட்டைக் கேக்கோ ஒரே நாளில் முடிந்துவிடும், பொருளும் சில.

செய்முறை

நான்கு முட்டைகளையும் 100 கிராம் மெல்லிய சீனியையும் ஒன்றாக நன்கு அடித்துக்கொள்க. கரண்டியால் தூக்கிவிட்டால், விழுந்த கலவை சில கணம் மேலே கோடுபோல் நிற்க வேண்டும். இதுவே பதம். இக்கேக்கில் பேக்கிங் பவுடர் இல்லை. முட்டையில் அடைபட்ட காற்றே இதனை உயர்த்துகின்றது. பின்பு 75 கிராம் கோதுமை மாவையும் 25 கிராம் கொக்கோத்தூளையும் சேர்த்து அரித்து, காற்று வெளியேறாதவாறு மெல்லப் புரட்டிக் கலக்குக. ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர் நீளமும் 23 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து, கலவையைச் சமமாகப் பரப்பி, 200 பாகை செல்சியசுச் சூட்டில் 10 முதல் 12 நிமிடம் வரை போறணையில் வைத்தெடுக்க. விரலால் அழுத்தினால் மீண்டெழ வேண்டும். மேலும் இரண்டு நிமிடம் தாமதித்தால் ஈரம் வற்றிவிடும், வற்றியது வெடிக்கும்.

இனித்தான் சோதனை. சீனி தூவிய துவாயின்மேல் கேக்கைக் கவிழ்த்து, தாளை உரித்து, விறைத்த ஓரங்களை நறுக்கிவிட்டு, சூடு ஆறுமுன் துவாயோடு சேர்த்துச் சுருட்டிவிடுக. சூடாக உள்ளபோது மாப்பொருள் நெகிழ்ந்திருக்கும். ஆற ஆற இறுகும். தட்டையாக ஆறவிட்டால் தட்டையாகவே இறுகிவிடும். பின்பு வளைத்தால் பிளக்கும். சுருட்டியபடி ஆறினால் அவ்வடிவிலேயே அமையும். நன்கு ஆறிய பின் விரித்து, 125 கிராம் பட்டர், 250 கிராம் ஐசிங் சீனி, 30 கிராம் கொக்கோத்தூள் ஆகியவற்றைக் குழைத்த பூச்சில் ஒரு பாதியைத் தடவி, துவாயின்றி மீண்டும் சுருட்டுக. ஒரு முனையைச் சாய்வாக வெட்டிப் பக்கத்தில் ஒட்டினால் கிளை ஆயிற்று. மிச்சப் பூச்சை மேலே தடவி முள்ளுக்கரண்டியால் கீறினால் மரப்பட்டை ஆயிற்று. கொழும்பு வெப்பத்தில் பட்டர் இளகிவிடுமாதலின், பரிமாறும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் நன்று. பனி காணாத ஊரிலே சீனித்தூளே பனி!

தட்டு திரும்பும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலே ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் பயற்றம் பணியாரமும் கிறித்தவ வீடுகளுக்குச் செல்லும். நத்தாருக்கு அவ்வீடுகளிலிருந்து கேக் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பியனுப்புவதில்லை. ஆனால் பிள்ளைகள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றுவிட்ட பின், பெற்றோர் மட்டும் எஞ்சிய வீடுகள் பல. அத்தகைய ஒரு வீட்டில் வாழும் கத்தோலிக்க அம்மையார் ஒருவருக்கு மூட்டுவலியால் முட்டை அடிக்கவும் கை வழங்காமற் போயிற்று. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது எரிவாயுவும் இல்லை, மின்சாரமும் நெடுநேரம் இல்லை. முட்டையின் விலையோ எட்டாத உயரம். அந்த ஆண்டு அவர் வீட்டுத் தட்டு முதன்முறையாக வரவில்லை. தமக்கு அது பெருங்குறையாகப் பட்டதென்று பின்னர் அவரே கூறினார்.

அடுத்த ஆண்டு என் மகள் அவர் வீட்டுக்கே சென்று கற்றாள். அவர் நாற்காலியில் அமர்ந்தபடி சொல்லச் சொல்ல, இவள் செய்தாள். "சூட்டோடையே சுத்து, பிள்ளை. பயந்து பயந்து சுத்தினால்தான் வெடிக்கும்" என்பதே அவர் அடிக்கடி சொன்ன பாடம். கல்லூரியில் ஆண்டுக்கணக்காக மாணவருக்குப் பாடம் சொல்லிவரும் எனக்கும் அச்சொல் பயனுள்ளதாகவே தோன்றியது. அன்று செய்த கேக்கின் முதற்பாதி அவருடைய தட்டிலேயே அவர் மேசைக்குச் சென்றது. அன்றுதொட்டு ஒவ்வொரு நத்தாருக்கும் அது அங்கே செல்கின்றது. அவரும் அதனைத் தம் வீட்டுக் கேக் என்றே விருந்தினருக்கு வழங்குகின்றார்.

முட்டை விலக்கிய வீடுகளுக்கு இதனை அனுப்புதல் முறையன்று. அவர்களுக்கு வேறு பண்டம் தேர்க. ஏனையோர் இவ்வாண்டு முயன்று பார்க்கலாம். கடைக் கேக் அழகிற் குறைந்ததன்று. ஆயினும் அயலவர் தம் கையாற் செய்து அனுப்பியது என்ற நிறைவை அது தராது. உங்கள் தெருவிலும் தட்டு அனுப்ப இயலாமற்போன வீடு ஒன்று இருக்கக்கூடும். அவ்வீட்டாரிடம் கேட்டுக் கற்று, முதற்பங்கை அவர்களுக்கே அனுப்புங்கள். மேற்பூச்சில் ஒரு வெடிப்புத் தெரிந்தாலும் கவலை வேண்டா. மரப்பட்டை என்றால் வெடிப்பு இருக்கத்தானே செய்யும்!