பறிபோன கணக்கும் மீட்கும் வழியும்

ரோப்லாக்ஸ் என்னும் இணைய விளையாட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பல மாதங்களாகச் சேர்த்த பொருள்கள் ஒரே மாலைப்பொழுதில் மறைந்துவிடுகின்றன. தன் கணக்கினுள் அவனாலேயே நுழைய இயலவில்லை. பெரியோர்க்கு இது சிறு இழப்பாகத் தோன்றலாம். அவனுக்கோ அது பெருந்துயரம். இவ்விழப்பு எவ்வாறு நேர்கிறது, அதனை எவ்வாறு மீட்பது என்பவற்றை, தம்பி தங்கையருடன் வாழும் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கணக்கின் மதிப்பு

ரோப்லாக்ஸ் 2006ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் வழங்கும் 'ரோபக்ஸ்' என்னும் மெய்நிகர்ப் பணத்தை உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம். எனவே விளையாட்டுக் கணக்கு ஒரு பணப்பையாகவும் விளங்குகிறது. கள்வரின் நாட்டம் அதன்மீது விழுவதற்குக் காரணம் இதுவே. ஸ்டீம் என்னும் விளையாட்டுத் தளத்தில் மாதந்தோறும் ஏறத்தாழ 77,000 கணக்குகள் களவாடப்படுவதாக, அதனை நடத்தும் வால்வ் நிறுவனமே 2015ஆம் ஆண்டு தெரிவித்தது.

தூண்டில்கள்

'இலவச ரோபக்ஸ்' என்னும் அறிவிப்பு சிறுவரை ஈர்க்கும் தூண்டிலாகும். அதனைத் தொட்டவுடன், உண்மைத் தளத்தைப் போன்ற போலிப் பக்கம் திறக்கும். அங்கு இடப்படும் கடவுச்சொல் கள்வரைச் சென்றடையும்.

மற்றொரு முறை இதனினும் நுட்பமானது. ஒருமுறை உள்நுழைந்தவரிடம் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்காதிருக்க, தளம் அவரது உலாவியில் 'குக்கி' எனப்படும் அடையாளக் குறிப்பை வைக்கிறது. இது பொருட்காட்சிக்குள் நுழைவோர் கையில் இடும் முத்திரை போன்றது. தாம் அனுப்பும் நிரலை உலாவியில் ஒட்டுமாறு சிறுவரைத் தூண்டி, கள்வர் அக்குறிப்பைக் கவர்வர். பின்னர், கடவுச்சொல்லை அறியாமலேயே அவர்களால் உள்ளே நுழைய முடியும்.

மீட்கும் முறை

மீட்பில் வரிசைமுறை இன்றியமையாதது. ஐயத்திற்குரிய கோப்பைத் திறந்த கணினியைத் தவிர்த்து, வேறு கருவியைப் பயன்படுத்துதல் வேண்டும். முதலில் கணக்குடன் இணைந்த மின்னஞ்சலைப் பாதுகாக்க வேண்டும். மின்னஞ்சல் கள்வர் கையில் இருக்குமாயின், புதிய கடவுச்சொல்லும் அவர்களிடமே சிக்கும். அடுத்து, விளையாட்டுக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்ற வேண்டும். அப்போதுதான் களவுபோன முத்திரை செல்லாததாகும். பின்பு இருபடிச் சரிபார்ப்பை அமைத்தல் வேண்டும்.

மின்னஞ்சல் முகவரியையே கள்வர் மாற்றிவிட்டால், நிறுவனத்தின் உதவிப் பிரிவை அணுகுதல் வேண்டும். பழைய மின்னஞ்சல் முகவரியும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகளும் உரிமையை மெய்ப்பிக்க உதவும். வங்கி அட்டை கணக்குடன் இணைந்திருந்தால் வங்கிக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். கணக்கு மீண்டாலும் இழந்த பொருள்கள் அனைத்தும் மீளும் என்பதற்கு உறுதியில்லை. 'பணம் தந்தால் மீட்டுத் தருகிறோம்' என்போரை நம்புதல் இரண்டாம் முறை ஏமாறுவதற்கே வழிவகுக்கும்.

சட்டத்தின் துணை

பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவது, இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66சி பிரிவின்படி குற்றமாகும். அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். பணத்தை இழந்தோர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம்.

அச்சம் தவிர்த்தல்

இவற்றுள் எதனையும் தொடங்குவதற்கு, நடந்ததைக் குழந்தை வாய்திறந்து கூறியாக வேண்டும். வசைக்கு அஞ்சி அது மறைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் கள்வருக்கு ஆதாயமாகிறது. திருடப்பட்ட கணக்கின் பெயரால் அதன் நண்பர்களும் ஏமாற்றப்படுகின்றனர். ஏமாந்தது குழந்தையின் குற்றமன்று; ஏமாற்றியது கள்வரின் குற்றம். இதனை உணர்ந்த வீட்டில்தான் குழந்தை உண்மையை உடனே கூறும். மீட்பின் முதற்படி அதுவே.