குடலை அடைக்கும் ஒட்டுக்கள்

எம்முடன் இக்கல்லூரியிற் படித்த நண்பரொருவர் மாணவப்பருவத்திற் குடல்வளரியைச் சத்திரசிகிச்சையால் அகற்றிக்கொண்டவர். இருபதாண்டு கழிந்தபின் ஒருநாள் வயிறு முறுக்கி வலித்தது. வாய்வென்றெண்ணி ஓமநீர் அருந்தினார். மறுநாள் பேதிக்கு விளக்கெண்ணெயும் குடித்தார். வாந்தி பச்சைநிறமானபின்னரே வைத்தியசாலை சென்றார். சத்திரவைத்தியர் முதலிற் பார்த்தது பழைய தழும்பைத்தான். என்றோ ஆறிய புண் இத்தனை ஆண்டின்பின் குடலை அடைத்தல் எங்ஙனம்?

வயிற்றறையின் உட்சுவரையும் குடலின் புறத்தையும் வழவழப்பான மெல்லிய சவ்வொன்று போர்த்துள்ளது. சுற்றுவிரி என்பது அதன் கலைச்சொல். பொருத்தமான சொல்லென்றே யாம் கருதுகின்றோம். பல மீற்றர் நீளமான சிறுகுடல் தன்மீது தானே வழுக்கி அசைவது இச்சவ்வினாலேயாம். கத்தி படுதல், கையாளுதல், உலர்தல், சூடு, குருதியோட்டக் குறைவு, சீழ் ஆகியவற்றுள் எது நேரினும் அது புண்படும். புண்பட்டவிடத்திற் பைபிரின் என்னும் பசைப்பொருள் சில மணி நேரத்துட் படர்ந்து அயற்பரப்புக்களை ஒட்டிவிடும். சில நாட்களுள் அதனைக் கரைத்துவிடுதல் உடலின் இயல்பு. ஆயின், சத்திரசிகிச்சையின் தாக்கம் அக்கரைக்கும் ஆற்றலையே குன்றச்செய்கின்றது. எஞ்சிய பசையினுள் நார்க்கலங்கள் புகுந்து கொலாஜன் இழைகளை ஆக்கும். பசை கயிறாகிவிடும்.

அந்நியப்பொருள்களும் இதற்குத் துணைபோவன. வைத்தியரின் இறப்பர்க் கையுறையில் முன்னர்த் தூவிய தல்க்குத் தூளும், அதற்கு மாற்றாக வந்த மாப்பொருள் தூளும் இப்பழியைச் சுமந்தவை. நோயாளியைக் காக்க அணிந்த உறையே அவனுக்குக் கேடு விளைத்தது விந்தையே! தூளிட்ட கையுறைகளை ஐக்கிய அமெரிக்கா 2017இல் தடைசெய்தது.

வயிறு திறக்கப்பட்டோருட் பெரும்பாலார்க்கு ஒட்டுக்கள் உண்டாகின்றன. அவருட் பலர் அதனை அறியாமலே வாழ்ந்துவிடுகின்றனர். ஒட்டுக் குடலை மடக்கினாலோ, அதன்கீழ்க் குடல் நுழைந்து சிக்கினாலோதான் வழி அடைபடும். சிறுகுடல் அடைப்புக்களிற் பாதிக்கு மேற்பட்டவை இவ்வாறானவை. பெருங்குடலிலும் இடுப்பறையிலும் செய்யும் சத்திரசிகிச்சைகளின்பின் இவ்விடர் மிகுதி. சிறு துளைகளினூடே செய்வனவற்றிற் பொதுவாகக் குறைவு.

முறுக்கி முறுக்கி வரும் வலி, வாந்தி, உப்புதல், காற்றும் மலமும் வெளியேறாமை என்பன அடைப்பின் குறிகள். விட்டுவிட்டு வந்த வலி ஓயாததாயின், சிக்கிய குடலுக்குக் குருதி செல்லவில்லையென ஐயுறல் வேண்டும். சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கலாம். பேதிமருந்து அடைபட்ட குடலை மேலும் வருத்தும். பலர்க்கு உணவை நிறுத்தி, மூக்கின்வழிக் குழாயிட்டு இரைப்பையை வெறுமையாக்கி, நாளத்திற் சேலைன் ஏற்ற அடைப்புத் தானே நீங்கும். நீங்காதார்க்கு ஒட்டை அறுக்கவேண்டும். அறுத்தவிடத்திற் புதிய ஒட்டு எழவுங்கூடும்.

எம் நண்பர் ஒருசாண் குடலை இழந்து பிழைத்தார். இப்பொழுது வயிற்றுவலியென்று எவ்வைத்தியரிடம் சென்றாலும், அவர் கேட்குமுன்னரே சட்டையை உயர்த்தித் தழும்பைக் காட்டுகின்றார்.