"பாஸ் அவுட்" ஆனால் மயக்கமா?

"என் பையன் காலேஜில் பாஸ் அவுட் ஆகிவிட்டான்!" பம்மலில் ஒரு தாய் இப்படிச் சொன்னால் அக்கம்பக்கத்தார் மகிழ்வார்கள். லண்டன்காரரிடம் சொன்னால், "ஐயோ, முகத்தில் தண்ணீர் தெளித்தீர்களா?" என்று பதறுவார்!

காரணம் இதுதான். "பாஸ் அவுட்" என்றால் அவர்கள் ஊரில் மயங்கி விழுவது. ஆனால், ராணுவத்தில் அதற்கு வேறு பொருள்; பயிற்சி முடித்து வெளியேறுவது.

அதைப் பார்க்க லண்டன் போக வேண்டாம். பம்மலுக்குப் பக்கத்திலேயே பரங்கிமலை இருக்கிறது. அங்கே 1963-ல் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1988-ல் அது "அகாடமி" ஆயிற்று. 1992 முதல் பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்புக்குப் பெயர் "பாசிங் அவுட் பரேடு". பிள்ளையின் தோளில் பெற்றோரே நட்சத்திரம் அணிவிப்பார்கள். அப்போது கண் கலங்காத தாய் உண்டா?

கல்லூரிப் படிப்பை முடிப்பதற்கும் இதே சொல் நம் நாட்டில் வழங்குகிறது. நமக்குள் பேசினால் குற்றமில்லை. ஆனால், வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடும்போது "கிராஜுவேட்டட்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால், பட்டம் வாங்கிய பிள்ளை மயங்கி விழுந்த பிள்ளை ஆகிவிடுவான்!