அரிசி பருப்புச் சாதம்

அரிசி பருப்புச் சாதம் என்பது அரிசியையும் துவரம் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் ஒன்றாக வேகவைத்துச் செய்யப்படும் தமிழக உணவு ஆகும். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டில் இது அன்றாட உணவுகளுள் ஒன்றாகும். பேச்சு வழக்கில் இது அரிசிம்பருப்பு எனப்படும். ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் இருந்தால் இதனைச் சமைக்கலாம். எதையும் அரைக்க வேண்டியதில்லை. எனவே மழைநாட்களுக்கும், மின்சாரம் தடைப்படும் வேளைகளுக்கும், சிறு அறைகளில் தங்கிப் பணிபுரிவோருக்கும் இது ஏற்ற உணவாக உள்ளது.

தேவையான பொருட்கள்

பின்வரும் அளவு இருவர் அல்லது மூவருக்குப் போதுமானது.

- அரிசி – 1 குவளை
- துவரம் பருப்பு – 1/3 குவளை
- சின்ன வெங்காயம் – 10 முதல் 12 வரை
- பூண்டு – 6 பல்
- தக்காளி – 1
- காய்ந்த மிளகாய் – 2
- மஞ்சள் தூள் – 1/4 தேக்கரண்டி
- சாம்பார்ப் பொடி – 1 தேக்கரண்டி
- கடுகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை – தாளிக்கும் அளவு
- எண்ணெய் – 2 தேக்கரண்டி
- உப்பு – தேவையான அளவு
- நீர் – 3 1/2 குவளை

செய்முறை

அரிசியையும் பருப்பையும் கழுவி, ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஊறவைக்க வேண்டும். குக்கரில் எண்ணெயைச் சூடாக்கி, கடுகு, சீரகம், மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளிக்க வேண்டும். பின்னர் வெங்காயம், பூண்டு, தக்காளி ஆகியவற்றை இட்டு வதக்கி, மஞ்சள் தூளையும் சாம்பார்ப் பொடியையும் சேர்க்க வேண்டும். நீரை ஊற்றி, அது கொதித்ததும் அரிசியையும் பருப்பையும் உப்பையும் இட்டு மூட வேண்டும். மூன்று ஒலி எழுந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கிய பின்னரே திறக்க வேண்டும். அதுவரை உள்ளிருக்கும் வெப்பத்திலேயே சோறு தொடர்ந்து வேகும். இதனால் எரிபொருள் மிச்சமாகிறது.

குக்கர் இல்லையெனில், பருப்பை முதலில் அரைவேக்காடாக வேகவைத்து, அதன் பின்னர் அரிசியைச் சேர்க்கலாம். இதற்கு நீரும் நேரமும் கூடுதலாகத் தேவைப்படும். துவரம் பருப்பு கிடைக்காதபோது பாசிப்பருப்பைப் பயன்படுத்தலாம். அது விரைவில் வேகும். நெய் ஊற்றிச் சூடாக உண்பது வழக்கம். தயிர், அப்பளம், ஊறுகாய் ஆகியவை துணை உணவுகளாக அமையும்.

விரைவில் வேகும் காரணம்

கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. குக்கரில் ஆவி அடைபடுவதால் அழுத்தம் உயர்ந்து, கொதிநிலை ஏறத்தாழ 120 பாகை செல்சியசு வரை செல்கிறது. பிரான்சு நாட்டவரான தெனி பப்பான் 1679 ஆம் ஆண்டில் உருவாக்கிய அழுத்தக்கலனின் அடிப்படையும் இதுவே. பருப்பு வேகும் நேரத்தை நீரின் தன்மையும் மாற்றும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் பருப்பு மெதுவாகவே வேகும். ஊறவைத்தல் இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

உணவுச்சத்து

அரிசியில் உள்ள புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் மிகுதி. ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. பலவகைக் குழம்பும் பொரியலும் சமைக்க இயலாத நாட்களில் வெறும் சோற்றைவிட இது சிறந்த உணவாக விளங்குவதற்கு இதுவே காரணம். கீரை அல்லது காய்கறிகள் சேர்த்தால் உயிர்ச்சத்துகளும் நார்ச்சத்தும் கூடும்.

மழைக்காலத்தில்

தமிழகத்தின் வடகடலோர மாவட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளன. சில ஆண்டுகளில் இம்மழை பெருவெள்ளமாகவும் மாறுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., திருப்பெரும்புதூருக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. அந்நாட்களில் பல இடங்களில் மின்சாரம் நின்றது. பாலும் காய்கறிகளும் கிடைப்பது அரிதாயிற்று. அத்தகைய வேளைகளில், கெடாமல் நாட்பட இருக்கும் அரிசி, பருப்பு, வெங்காயம், பூண்டு ஆகியவற்றைக் கொண்டே ஒரு முழு உணவைச் சமைக்க முடிவது இதன் முக்கியமான பயன் ஆகும்.

இப்பயன் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதிக்குச் சிறப்பாகப் பொருந்தும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் வல்லம் வடகால் இப்பகுதியில் அமைந்த சிப்காட் தொழிற்பூங்காக்களுள் ஒன்றாகும். இங்கு 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகத்து 17 அன்று திறந்து வைக்கப்பட்டது. விடுதிகளுக்கு வெளியே, சுற்றுப்புற ஊர்களில் வாடகை அறைகளைப் பகிர்ந்து தங்குவோரும் உள்ளனர். முறைப்பணி முடிந்து மழையில் திரும்புவோருக்கு, ஒரே அடுப்பில் அரை மணி நேரத்தில் ஆயத்தமாகும் உணவு பெரிதும் உதவும்.

ஒத்த உணவுகள்

- கூட்டாஞ்சோறு: திருநெல்வேலிப் பகுதிக்குரியது. அரிசி, பருப்புடன் காய்கறிகள், முருங்கைக்கீரை, புளி, அரைத்த தேங்காய் ஆகியவை சேரும்.
- வெண்பொங்கல்: பச்சரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், நெய் கொண்டு குழையச் சமைக்கப்படுவது.
- பிசிபேளேபாத்: கருநாடக உணவு. கன்னடத்தில் சூடான பருப்புச் சோறு எனப் பொருள்படும்.
- கிச்சடி: வட இந்திய உணவு. 14 ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதா, அரிசியும் பயறும் சேர்ந்த இவ்வுணவைக் குறிப்பிட்டுள்ளார். வங்காளத்தில் கிச்சுரி எனப்படும் இது மழைநாள் உணவாகவே அறியப்படுகிறது. பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து தமிழகத் தொழிற்பகுதிகளுக்கு வந்துள்ள தொழிலாளர்களுக்கும் அரிசி – பருப்புச் சேர்க்கை புதியதன்று.

கவனிக்க வேண்டியவை

மழைச்சாரலுக்கு அஞ்சிக் கதவு, சன்னல்களை முழுவதும் அடைத்துவிட்டு அறைக்குள் சமைத்தல் ஆபத்தானது. காற்றோட்டம் இல்லாதபோது எரிபொருள் முழுமையாக எரியாமல், நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமமான கார்பன் ஓரொட்சைட்டு உருவாகலாம். கரி அடுப்பை மூடிய அறையில் எக்காரணத்தாலும் பயன்படுத்தக் கூடாது.

சமைத்த சோற்றை நெடுநேரம் அறை வெப்பநிலையில் வைத்திருத்தலும் தவிர்க்கப்பட வேண்டும். பசில்லசு சீரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் அழியாமல் எஞ்சக்கூடியவை. சோறு ஆறியபின் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்நச்சுகளுள் ஒன்று மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள் ஒரு வேளைக்குத் தேவையான அளவை மட்டும் சமைத்துச் சூடாக உண்பது நன்று.